குமரி மாவட்டத்தில் நிதானமாகச் சைக்கிள் சுற்ற: ஆற்றையும் சானலையும் பிடித்துப் போகும் நாலு நாள் வழி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து நீங்கள், உங்கள் மனைவி, பன்னிரண்டு வயது மகள் என மூன்று பேர். தை மாதக் கடைசியில் நாலு நாள். வேகமும் கிலோமீட்டர் கணக்கும் வேண்டாம், ஹைவேயும் சுற்றுலாக் கூட்டமும் வேண்டாம், வயலும் ஊரும் பார்க்க வேண்டும். எந்த வழி, என்ன சைக்கிள், எங்கே தங்குவது, மகளைக் கூட்டி வரலாமா என்பவை கேள்விகள்.

குமரி மாவட்டத்துக்கு மேப்பைத் திறந்து ரோட்டைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள். மலையிலிருந்து கடல் வரை எங்கும் பெரிய தூரம் கிடையாது. மொத்த மாவட்டமே சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் மலை, ரப்பர் தோட்டம், வாழை, வயல், குளம், தென்னை, உப்பளம், கடல் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். இவற்றைக் கோத்து இறங்குபவை ஆறுகளும் சானல்களும்தான். கால்வாயை இங்கே யாரும் கால்வாய் என்று சொல்ல மாட்டார்கள், சானல்தான். சானலை வெட்டியவர்கள் தண்ணீர் மெதுவாகச் சரியும்படி நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டியிருக்கிறார்கள். அதனால் சானல்கரைப் பாதை அநேகமாகச் சமமாகவே போகும். அதைக் குறுக்கே வெட்டுகிற ரோடுகளில்தான் ஏற்றமும் இறக்கமும். சைக்கிள்காரருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

காலமும் தண்ணீரைப் பொறுத்ததே. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-இல், திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில். பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் வந்தன. இந்த அணைகளிலிருந்து பாசனத்துக்குப் பொதுவாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். நெல்லில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். தைக் கடைசியில் வந்தால் சானலில் தண்ணீர் ஓடும், கும்பப்பூக் கதிர் முற்றி நிற்கும், வடகிழக்குப் பருவமழை விலகியிருக்கும், சபரிமலை சீசனும் முடிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரியிலும் சுசீந்திரத்திலும் வண்டி விட இடமிருக்காது. பங்குனிக்குப் பிறகு சானல் காய்ந்து கிடக்கும், வெயிலில் புழுக்கம் தாங்காது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் சரியானது, மாற்ற வேண்டாம்.

வருபவர்கள் எல்லாரும் ஏமாறுகிற விஷயம் ஒன்று உண்டு. கிழக்குப் பக்கம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள், அதாவது நாஞ்சில் நாடு. தட்டையான வயல்வெளி, ஊருக்கொரு குளம், மிதித்தால் ஓடிக்கொண்டே இருக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு போனால் கதையே வேறு. செம்மண் மேடும் பள்ளமுமாக, ஒரு ஏற்றம் ஏறி இறங்கினால் உடனே அடுத்தது. எதுவும் நீளமில்லை, ஆனால் சில இடங்களில் செங்குத்து. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வீடும் விளையுமாக (விளை என்றால் தோப்பு) தொடர்ந்துகொண்டே இருக்கும். கிழக்கில் 45 கிலோமீட்டர் போகிற உடம்புக்கு மேற்கில் 30 போதும். ஆகவே முதல் இரண்டு நாள் கிழக்கு, கால் பழகிய பிறகு மேற்கு என்று வையுங்கள்.

முதல் நாள் நாகர்கோவிலிலிருந்து வடக்கே. வடசேரியைத் தாண்டி புத்தேரி, இறச்சகுளம், பூதப்பாண்டி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அரை நாள் ஆகட்டும். புத்தேரிக் குளக்கரையிலேயே நின்றுவிடுவீர்கள். காலை வெயிலில் மலை முழுவதும் தண்ணீரில் தெரியும். பூதப்பாண்டியில் பூதலிங்கசுவாமி கோயில் இருக்கிறது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் 1907-இல் பிறந்த ஊர் இதுதான். அதைத் தாண்டி திட்டுவிளை, அழகியபாண்டியபுரம் பக்கம் போகப் போக மலை கிட்டே வரும், வாழைத்தோட்டம் கூடும். அழகியபாண்டியபுரத்தோடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் கீரிப்பாறை, காளிகேசம் எல்லாம் ஏற்றமும் காடும். மகளோடு முதல் நாளே அது வேண்டாம்.

திரும்பும்போது வந்த வழியே வராமல் தாழக்குடி, தோவாளைப் பக்கமாகக் கிழக்கே சுற்றுங்கள். இங்கேதான் சானல்கரையின் அருமை தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஓராள் ஆழத்தில் வயல், நடுவில் ஒரு ஜீப் போகிற அகலத்தில் பாதை. சில இடங்களில் தார், சில இடங்களில் மண். கொஞ்ச தூரத்துக்கு ஒரு படித்துறை. அதில் யாராவது துணி துவைத்துக்கொண்டோ குளித்துக்கொண்டோ இருப்பார்கள். ஒரு மரியாதையைக் கடைப்பிடியுங்கள்: படித்துறை கண்ணில் பட்டதும் தூரத்திலேயே மணி அடியுங்கள், மெதுவாகக் கடந்து போங்கள், அங்கே போனை எடுக்கவே எடுக்காதீர்கள். குளிக்கிற இடத்தைப் படம் பிடிப்பது போல இந்த ஊர்க்காரர்களைக் கோபப்படுத்துவது வேறெதுவும் இல்லை. பல இடங்களில் கைப்பிடிச் சுவரும் கிடையாது. மகளை வயல் ஓரமாகவோ தண்ணீர் ஓரமாகவோ விடாமல் பாதையின் நடுவில், உங்கள் இருவருக்கும் இடையே ஓட்டச் சொல்லுங்கள்.

தோவாளையைப் பகலில் பார்த்துப் பயனில்லை. பூச்சந்தை விடிவதற்கு முன்னே தொடங்கிவிடும். பிச்சி, கேந்தி, அரளி, ரோஜா என்று மூட்டை மூட்டையாக இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கேரளத்துக்குப் பாதி போய்விடும். இரண்டாம் நாள் அதிகாலையில் ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிறகு சைக்கிளை எடுங்கள். இருட்டில் அந்த ஹைவேயில் சைக்கிள் விடக்கூடாது. அங்கே மாணிக்கமாலை கட்டுபவர்களைக் காண முடிந்தால் காலை மடக்கி உட்கார்ந்து பாருங்கள். அரளிப்பூவை மடித்து மடித்து, பூவே மணியாகத் தெரியும்படி பாய்போலத் தட்டையாகப் பின்னுவார்கள். உங்கள் மகளுக்கு அது மறக்காது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்க ஆசை வரும். தையில் பயமில்லை, போகலாம். ஆனி, ஆடியில் மட்டும் யாரும் அந்தப் பக்கம் சைக்கிளில் கிளம்ப வேண்டாம். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று கணவாய்க்குள் நெருங்கி வீசும். போகும்போது தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது இறங்கி உருட்டினால்கூட நகராது.

இரண்டாம் நாள் பழையாற்றைப் பிடித்துக் கடல் வரை. சுருளக்கோட்டுப் பக்கம் தொடங்கி நாஞ்சில் நாட்டு வயல்களின் ஊடே, நாகர்கோவில் ஒழுகினசேரி வழியாக, சுசீந்திரத்தைத் தொட்டு மணக்குடியில் கடலில் சேருகிற ஆறு அது. பூச்சந்தையிலிருந்து திரும்பியதும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். இந்த மாவட்டத்தில் பல கோயில்களில் இதே வழக்கம். சைக்கிள் கால்சட்டையோடு சங்கடப்படாமல் இருக்க ஒரு வேட்டியும் துண்டும் பையின் மேலாகவே இருக்கட்டும். அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதிக்குப் போவதானால் ஆண்கள் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

கோயிலுக்கு வெளியேதான் என் மனம் நிற்கிற இடம். சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை இவை. நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள வேம்பனூரும் அதே ஆண்டில் சேர்ந்தது. தைக் கடைசியில் வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும். அவற்றோடு நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், தாமரை இலைமேல் நடக்கிற இலைக்கோழி, நாணலுக்குள் ஊதா நிறத்தில் நீலத் தாழைக்கோழி. பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். காரில் போகிறவர்கள் ஹைவேயிலிருந்து குளத்தை அரை நிமிடம் பார்ப்பார்கள். தேரூர் ஊருக்குள் திரும்பி, குளத்தின் மறுகரைக்குப் போய் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் அசையாமல் இருந்தால், வந்த சத்தத்துக்கு விலகிப் போன பறவைகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பும். சைக்கிளில் வந்ததற்கு இதுதான் பலன்.

பிறகு பறக்கை வழியாக மணக்குடி. வயல் குறைந்து தென்னை கூடி, காற்றில் உப்பு வாசனை வரும். 2004 சுனாமியில், ஆறு கடலைத் தொடுகிற இந்தக் காயல்மேல் இருந்த பாலத்தைக் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் பழையாறு, மறுபக்கம் கடல். கீழ மணக்குடி, மேல மணக்குடி இரண்டிலும் சாளையும் நெத்திலியும் காய்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து மேற்கே திரும்பி ஈத்தாமொழி வழியாக நாகர்கோவில். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. இளநீர் குடிக்க வேறு இடம் தேட வேண்டாம்.

மேற்குக் கடற்கரைச் சாலை முழுவதையும் ஓட்டலாமா என்று கேட்பீர்கள். முட்டம், மண்டைக்காடு, குளச்சல், தேங்காய்ப்பட்டினம் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் மீனவர் ஊர்கள் இடைவெளியில்லாமல் வரும், தெரு ஒடுக்கம், சில இடங்களில் கடல் ரோட்டைத் தின்றிருக்கிறது. நிதானமாகக் குடும்பத்தோடு மிதிக்க அது ஏற்றதல்ல. முட்டம் மட்டும் ஒரு மாலையில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டி நாகர்கோவிலை விட்டுக் கிளம்ப வேண்டும். பார்வதிபுரத்திலிருந்து வில்லுக்குறி வரை தேசிய நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது கஷ்டம். மலையிலிருந்து கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற டாரஸ் லாரிகள் இந்த ரோட்டில்தான். இந்த மாவட்டத்துக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பெரிய வருத்தம் அது. வெளிச்சம் வந்தவுடன் கிளம்பி, ஏழு மணிக்குள் இந்தத் துண்டைத் தாண்டிவிடுங்கள். அதன் பிறகு குமாரகோவிலுக்கு வலப்பக்கம் பிரியும் ரோட்டில் திரும்பினால் நெடுஞ்சாலை இருந்ததே மறந்துவிடும். வேளிமலை அடிவாரம். மேலாங்கோடு, கல்குளம் என்று சிறு ரோடுகள் பத்மநாபபுரம் கோட்டைக்குள் கொண்டுபோய் விடும்.

அரண்மனைக்கு முழுதாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். இருப்பது தமிழ்நாட்டில் என்றாலும் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-இல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை மட்டும் அந்தப் பக்கமே இருந்துவிட்டது. மரவேலையையும் கண்ணாடி போன்ற கறுப்புத் தரையையும் பார்க்கக் கூட்டத்துக்கு முன்னே போய்விடுவது நல்லது.

இங்கேதான் உங்களுக்கு இரண்டாவது வழிகாட்டி கிடைக்கிறது. நீங்கள் கடந்து வந்த மேலாங்கோடும் கல்குளமும் சிவாலய ஓட்டத்தின் கோயில்கள். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடி, திருநட்டாலத்தில் முடிப்பார்கள். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் திருமாலின் பெயரைச் சொல்வார்கள். கடைசிக் கோயிலில் சங்கரநாராயணராக இருவரும் ஒன்றாகிறார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர், வெறுங்காலில். கால்நடையாகப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த வழி என்பதால் தண்ணீரும் நிழலும் தங்க இடமும் அடுத்தடுத்து வரும். விளவங்கோடு, கல்குளம் ரோடுகளில் குழம்பினால் "அடுத்த சிவாலயம் எங்கே" என்று கேளுங்கள். யாரும் சரியாகக் கைகாட்டுவார்கள். சிவராத்திரியன்று மட்டும் இந்த வழியில் வராதீர்கள். ஓடுபவர்களும் அவர்களை ஒட்டி வண்டியில் வருபவர்களுமாக ரோடு நிரம்பிவிடும்.

பத்மநாபபுரத்திலிருந்து வேர்க்கிளம்பி வழியாகத் திருவட்டாறு. ஏற்றம் தொடங்குகிற இடம் இது, உருட்டுவதற்கு வெட்கப்படாதீர்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு 2022 ஜூலையில்தான் 418 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்தது. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தான். பறளியாற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் காமராசர் திட்டத்தில் எழுந்தது. 28 தூண்கள், உயரமான இடத்தில் 115 அடி. சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடந்து போங்கள். இரண்டு நாளாகப் பக்கத்திலேயே ஓடிவந்த சானல் தண்ணீர், இங்கே தென்னைமரத் தலைகளுக்கு மேலே ஒரு தொட்டிக்குள் போவதைப் பார்க்கலாம். சானல் நிலமட்டத்தை விடாது என்று சொன்னேனே, நிலம் இல்லாத இடத்திலும் அது மட்டத்தை விடவில்லை.

இரவு குலசேகரம். தங்குமிடங்கள் குறைவு, முன்கூட்டியே போனில் சொல்லி வையுங்கள். கிடைக்காவிட்டால் மார்த்தாண்டத்தில் தங்கி மறுநாள் திரும்பி வரலாம், ஆனால் அது கூடுதல் ஏற்றம்.

குலசேகரத்தில் தங்குவதன் காரணமே அடுத்த நாள் காலை. இது ரப்பர் நாடு. தைக் கடைசியில் மரங்கள் இலை உதிர்த்துச் செந்தளிர் விடுகிற நேரம், பால்வெட்டு பல தோட்டங்களில் குறைந்திருக்கும். நடக்கிற இடத்தில் பார்த்தால், பால் வெட்டுகிறவர்கள் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு விடியும் முன்னே வந்திருப்பார்கள். பட்டையில் சரிவாக ஒரு மெல்லிய சீவல், கத்தி மரத்தைத் தொட்டதும் பால் கோடாக ஓடிச் சிரட்டையில் சொட்டும். ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலாக வெட்டினால் பால் வராது. எட்டு மணிக்கு மேல் போனால் வெட்டுகிறவர்களைப் பார்ப்பது கஷ்டம், மரத்தில் சிரட்டை மட்டும்தான் தெரியும். வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட் காய்கிற வாடை முதலில் முகத்தைச் சுளிக்க வைக்கும், இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும்.

பேச்சிப்பாறை அணை வரை போய்வர விருப்பமிருந்தால் காலையிலேயே போங்கள், ஏற்றம்தான். அதற்கு மேல் கோதையாறு சாலை காட்டுக்குள் போகிறது, யானை நடமாட்டம் உண்டு, சைக்கிளில் வேண்டாம். அணையைத் தவிர்ப்பவர்கள் நேரே திருநந்திக்கரைக் குடைவரையையும் திற்பரப்பு அருவியையும் பார்த்துவிட்டு, களியல், அருமனை வழியாகச் சிதறால் வரட்டும். சிதறால் குன்றில் சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. மேலே நின்றால் மாவட்டத்தின் மேற்குப் பாதி முழுவதும் பச்சையாக விரியும். சிதறாலிலிருந்து திக்குறிச்சிக்கு அநேகமாக இறக்கம், தாமிரபரணிக் கரை. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற ஆறு. பக்கத்திலேயே குழித்துறை ரயில் நிலையம். அங்கே பயணத்தை முடித்து நாகர்கோவிலுக்கு ரயிலேறலாம்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். காலை ஆறு மணிக்கே சாயாக்கடைகள் திறந்திருக்கும். ஆப்பம், புட்டும் பயறும் பப்படமும், தோசையும் ரசவடையும். மேற்கே போனால் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும். வெந்த கிழங்கைத் தேங்காய் போட்டு மசித்துத் தருவார்கள். பயணத்தில் பசிக்கு மட்டிப் பழம் சீப்போடு வாங்கிக் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். விரலளவுதான் இருக்கும், வாசனை தனி. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஏத்தன்பழம், அதாவது நேந்திரம்பழம், ஒன்று தின்றால் ஒரு மணி நேரம் மிதிக்கலாம். சாயாக்கடையில் "எங்க இருந்து வாறிய மக்களே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். மதுரையிலிருந்து என்றால் வழியும் சொல்லி, பழமும் கையில் வைப்பார்கள். அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள்.

சைக்கிள் என்றால் கியர் கட்டாயம், குறிப்பாகப் பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் உள்ள பெரிய பல்சக்கரம் இருக்கட்டும். விளவங்கோட்டு ஏற்றங்களுக்கு அது தேவை. டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மெலிந்த ரேஸ் டயர் சானல்கரை மண்ணில் சறுக்கும். பிரேக் கட்டைகளைக் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். மெலிந்த வால்வு உள்ள பிரெஸ்டா டியூப் என்றால் அடாப்டர் கொண்டு வாருங்கள். ஊர்ப் பஞ்சர் கடைப் பம்பு அதில் ஏறாது. மாற்று டியூப் ஆளுக்கு ஒன்று கையில் இருக்கட்டும், நாகர்கோவிலையும் மார்த்தாண்டத்தையும் விட்டால் வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ரயிலில் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்பலாம். ஒரு நாள் முன்னதாகவே போய்க் கேட்டு, செயினையும் கியரையும் அட்டையால் சுற்றிக் கட்டுங்கள். மடிக்கிற சைக்கிள் என்றால் இந்தச் சிரமமே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரையும் மாலை நாலிலிருந்து ஐந்து வரையும் பள்ளி, கல்லூரி பஸ்கள் ஒடுங்கிய ரோடுகளில் விரட்டி வரும். அந்த நேரங்களில் ஒரு கடையிலோ குளக்கரையிலோ இருந்துவிடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டரை, பிறகு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை, மாலை ஐந்திலிருந்து ஆறேகால் என்று மிதித்தாலே நான் சொன்ன தூரமெல்லாம் முடிந்துவிடும்.

மகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். முதல் இரண்டு நாளும் அவளுக்கு முழுதும் ஏற்றது. மூன்றாம் நாள் வில்லுக்குறி வரையிலான நெடுஞ்சாலைத் துண்டை மட்டும் அவள் சைக்கிளில் வர வேண்டாம். அம்மாவும் அவளும் சைக்கிள்களோடு ஒரு லோடு ஆட்டோவில் குமாரகோவில் வரட்டும், நீங்கள் மிதித்துப் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். நாலாம் நாள் அவளுக்குக் கால் வலித்தால் அணையை விட்டுவிட்டு, திற்பரப்பில் குளித்துவிட்டு, சிதறால், திக்குறிச்சி என்று ஆற்றோடு இறங்கிவிடுங்கள். திற்பரப்பில் தண்ணீர் அதிகமாக வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், கிளம்பும் முன் குலசேகரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.